சேற்றில் இறங்கிப் பார்த்துக் கையெழுத்திட்ட சவரியம்மாள்

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் தமிழ்மணி அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அம்மையாரின் தம்பி அன்பரசு அவர்களே, மகள் அனுப்பிரியா அவர்களே, இன்றைய தொழிலை விட்டுவிட்டுக் கிள்ளையிலிருந்தும் பிச்சாவரத்திலிருந்தும் வந்து இந்தச் சிதம்பரம் மண்டபத்தை நிறைத்திருக்கும் தாய்மார்களே, மீனவப் பெருமக்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் தேவநாதன். சொந்த ஊர் திருவந்திபுரம். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். சிலருக்கு என்னைப் பிடிக்காது என்பது எனக்கும் தெரியும்! கடலில் பன்னிரண்டு காற்றாலைகளை நட்டு, அந்த மின்சாரத்தைக் கேபிள் வழியாகக் கரைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தில், அரசு அனுமதிகளை வாங்கும் பொறுப்பில் இருந்தவன் நான். அந்த அனுமதியைக் கொடுக்கவோ மறுக்கவோ வேண்டிய இடத்தில் இருந்தவர் சுற்றுச்சூழல் பொறியாளர் சவரியம்மாள். எதிர்நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவன் இன்று அவருக்காகக் கண் கலங்கி நிற்கிறான் என்றால், அவர் எப்பேர்ப்பட்ட மனுஷி என்று எண்ணிப் பாருங்கள்!

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் விண்ணப்பித்தோம். கடலிலிருந்து வரும் கேபிள் உப்பங்கழியில் நுழைந்து, சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருக்கும் சேற்று வெளியைத் தோண்டிக்கொண்டு மின் நிலையம் போய்ச் சேர வேண்டும். அதற்கான ஆய்வறிக்கை நானூறு பக்கம். அதில் அந்தச் சேற்று வெளியைப் பற்றி ஒரே ஒரு வரி: ‘தரிசு நிலம், மனிதர் பயன்பாடு இல்லை.’ கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து.

கடலூர் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார்.

“சார், டிசம்பர் ரெண்டாம் தேதி அந்தச் சேத்துல நடந்து போயி பறவை எண்ணினதா போட்டிருக்கு. அன்னிக்கு வெள்ளம் சார். கிள்ளையில ஒரு படகுகூடப் போகல. நான் ரெண்டு நாளா நிவாரண முகாம்ல இருந்தேன். இவுங்க எங்க நடந்தாங்க?”

ஆய்வை வெளியூர் ஆட்களிடம் ஒப்படைத்திருந்தோம். அவர்கள் அனுப்பியதை நான் முழுதாகப் படிக்கவே இல்லை.

“கையெழுத்து யாரோடது?” என்றார்.

“என்னோடதுதான் மேடம்.”

அந்த ஒரு பக்கம் போதும், என் வேலையை முடித்துவிட. மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் நான் அன்றோடு வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் என்ன செய்தார் தெரியுமா?

“நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் கிள்ளைக்கு வாங்க. கால வச்சுப் பாத்துட்டு அப்புறமா கையெழுத்து போடுங்க.”

போனேன். பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். முழங்கால்வரை சேறு! எனக்கு முன்னால் அம்மையார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடக்கிறார். மனிதர் பயன்பாடே இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த அந்த வெளியில், பதினோரு பெண்கள் குனிந்து கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதோ முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறாரே புஷ்பவள்ளி, அவர்தான் முதலில் நிமிர்ந்தார்.

“யாருக்கா இவரு?”

“நீ இங்க இல்லன்னு எழுதிக் குடுத்தவரு.”

“அய்ய! இருவது வருஷமா இங்கதான எறா புடிக்கிறேன்! நல்லா பாத்துக்கோங்க சார், நான்தான்!”

பதினோரு பெண்களும் சிரித்தார்கள். வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் பணிக்காலத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட காலை அதுதான்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. மூன்று பருவத்திலும் புதிதாக ஆய்வு செய்யச் சொன்னார். செய்தோம். சேற்று வெளியைத் தோண்டக் கூடாது, தரைக்கு அடியில் ஆழமாகத் துளையிட்டுக் கேபிளைக் கொண்டுபோய், கைவிடப்பட்ட பழைய இறால் பண்ணையில் மேலே எடுங்கள் என்றார். திட்டம் பதினான்கு மாதம் தள்ளிப்போனது. எங்கள் நிறுவனத்தில் அவர் பெயரைச் சொன்னாலே பல்லைக் கடித்தார்கள்.

சரி, அவர் பிறந்த கிள்ளை ஊராவது அவரைக் கொண்டாடியதா? அதுவும் இல்லை! அனுமதியே கூடாது என்றது ஊர். நிபந்தனையோடு கொடுக்கப் போகிறார் என்று தெரிந்ததும், சொந்த மக்களே முகம் திருப்பிக்கொண்டார்கள். தம்பி அன்பரசு கிள்ளையில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். அன்று நடந்ததை இங்கே சொல்லும்படி அவரே என்னிடம் கேட்டுக்கொண்டார்.

“யக்கா, நீ கையெழுத்து போட்டுட்டா ஊர்ல நான் எப்படித் தலகாட்டுறது? நம்ம ஜனத்துக்கு நீயே இப்படிப் பண்ணலாமா?”

“போடலன்னா அவுங்க சும்மா இருப்பாங்களாடா? கோர்ட்டுக்குப் போயி பழைய பாதையவே வாங்கிட்டு வருவாங்க. அப்ப எந்தக் காயிதத்தக் காட்டி நிறுத்துவ? நான் பதினாறு நிபந்தனை எழுதியிருக்கேன். ஒண்ணு மீறினாலும் வேலைய நிறுத்தலாம். அத ஊருக்குப் படிச்சுக் காட்டு.”

அம்மையார் கையெழுத்துப் போட்டார். தம்பி நிபந்தனைகளைப் படித்துக் காட்டவில்லை. எட்டு மாதம் அக்காவோடு பேசவும் இல்லை. அந்த எட்டு மாதமும் ஒவ்வொரு ஞாயிறும் கோயில் பூசை முடிந்ததும் அம்மையார் தம்பி கடை வாசலில் வந்து நிற்பாராம். “சாப்டியா?” என்று கேட்பாராம். பதில் வராது. போய்விடுவாராம். கோபத்துக்குக் கோபத்தைத் திருப்பித் தராத மனசு அது!

துளையிடும் வேலை தொடங்கிய இரண்டாம் மாதம், எந்திரம் துளைக்குள் செலுத்தும் களிமண் குழம்பு தரையைப் பிளந்துகொண்டு ஒரு வாய்க்காலில் கசிந்தது. எங்கள் ஆட்கள் கவனிக்கவில்லை. புஷ்பவள்ளி கவனித்தார், தண்ணீர் வெள்ளையாக இருக்கிறது என்று நேராக அம்மையாருக்குப் போன் போட்டார். மதியத்துக்குள் அவர் வந்துவிட்டார், குழம்பு கசிந்தால் உடனே வேலை நிற்க வேண்டும் என்ற ஏழாவது நிபந்தனையைக் கையில் பிடித்தபடி. பத்தொன்பது நாள் வேலை நின்றது. வாய்க்காலைக் கையால் அள்ளித் துப்புரவாக்கினோம். அப்போதுதான், அன்பரசு அவர்களே, நீங்கள் உங்கள் படகையே அள்ளும் வேலைக்குக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். “யக்கா, ஏறு” என்றீர்கள். அவர் ஏறி உட்கார்ந்தார். நான் கரையில் நின்று பார்த்தேன்.

இன்று என்ன நிலைமை? காற்றாலைகள் சுற்றுகின்றன. மின்சாரம் வருகிறது. கேபிள் பூமிக்கடியில் கிடக்கிறது. போன வாரம் புஷ்பவள்ளியிடம், இறால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “ஜாஸ்தின்னு பொய் சொல்ல மாட்டேன் சார். ஆனா கொறையல” என்றார். இதைவிடப் பெரிய பாராட்டுப் பத்திரம் ஓர் அரசு அதிகாரிக்கு உண்டா? உண்டா ஐயா?

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் நானும் அவரும் சிதம்பரம் ரயிலடியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். “இவ்வளவு பேரிடம் திட்டு வாங்கினீர்களே, வருத்தமில்லையா மேடம்?” என்றேன். “ரெண்டு பக்கமும் திட்டினாங்க சார். அப்ப நான் நடுவுலதான் நின்னிருக்கேன்னு நிம்மதியாத் தூங்கினேன்” என்றார். கடந்த ஒன்பதாம் தேதி, அறுபத்து மூன்றாம் வயதில், காலை ஜெபத்தை முடித்து நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். வலி இல்லை, யாருக்கும் தொந்தரவு இல்லை. நிறைவாக வாழ்ந்தவருக்கு நிறைவான முடிவு. அழுகிறோம், ஆனால் அவருக்காக அல்ல, நமக்காக.

அன்பு கொண்டவர்களே! அழுதுவிட்டுக் கலைந்தால் போதுமா? கடலூர்ப் பக்கம் ஓர் ஏரி முழுக்கச் சூரிய மின்தகடுகளை மிதக்கவிட ஒரு திட்டம் வந்திருக்கிறது. நல்ல திட்டமா, கெட்ட திட்டமா? எனக்குத் தெரியாது. படிக்காமல் நல்லது என்று சொல்ல மாட்டேன். படிக்காமல் கெட்டது என்றும் சொல்ல மாட்டேன். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வரும் இருபதாம் தேதி. ஏரியில் மீன் பிடிப்பவர் யார், மாடு குளிப்பாட்டுபவர் யார், எந்த மாதம் எந்தப் பறவை வருகிறது என்று ஒவ்வொன்றையும் நேரில் பார்த்தும் அங்கிருப்பவர்களிடம் கேட்டும் எழுதுவோம் என்று இந்த மன்றத்தின் முன் உறுதி கூறுகிறேன். என்னோடு அனுப்பிரியா வருகிறார், அன்பரசு வருகிறார். இன்னும் யார் வருகிறீர்கள்?

அந்த ஏரித் திட்டத்தின் ஆய்வறிக்கையை, தமிழ்ப் பிரதியாகவே கொண்டுவந்திருக்கிறேன். இருநூற்று அறுபது பக்கம். அம்மையாரின் படத்துக்கு மலர் தூவிய பிறகு யாரும் எழுந்துவிடாதீர்கள், காபி வரும். அனுப்பிரியா முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவார்.