திரும்பிப் பார்த்த மண்குதிரை

மல்லாட்டைச் செடி பிடுங்கும் கொல்லை வேலையை ஒதுக்கி, திண்டிவனத்துக் கைவினைக் கண்காட்சிப் பந்தலில் திரண்டிருக்கும் பெருமக்களே! மேல்சித்தாமூரிலிருந்து வந்து தலைமையேற்றிருக்கும் பெரியவர் அப்பாண்டைராஜ் அவர்களே! விழுப்புரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த சான்றோர்களே! பிள்ளையை மடியிலும் பெருமையை நெஞ்சிலும் சுமந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

எழுத்து எனக்கு எட்டவில்லை. கண்ட காட்சி எதுவும் என்னைக் கைவிடவில்லை. கைத்தொழிலுக்குள் கற்பனை எங்கே பிறக்கிறது என்று பேசச் சொன்னார்கள். கண்டதைச் சொல்கிறேன்.

என்னப்பா, கேட்கவில்லையா? மைக்கைக் கிட்டே தள்ளு. இப்போது? சரி.

எங்கள் ஊர் அய்யனாரப்பனுக்கு ஆடிக்கு ஆடி ஒரு மண்குதிரை. அதைச் சுமக்கும் தோள்களில் என் தோளும் ஒன்று. என்றைக்கும் ஒரே உயரம், ஒரே மிடுக்கு, ஒரே நேர்ப்பார்வை! ஊருக்குப் பிடிக்காவிட்டால் உடைத்துவிடலாம். ஆனால் நாட்டாண்மை சொல்லி, செய்தவர் கண் எழுதிவிட்டால், அது சாமி குதிரை. அப்புறம் உடைக்க எவனுக்கு உரிமை?

எண்பத்து மூன்றாம் வருஷம். அதுவரை குதிரை செய்துவந்த கணவர் மாரியப்பன் மறைந்தபின், சின்னபொண்ணு முதன்முதலாகத் தானே குதிரை செய்தார். அதுவோ கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது!

நாட்டாண்மை சுப்பராயலு சீறினார். "இன்னாம்மா இது? கழுத்து சுளுக்கிக்கினு நிக்குது! ஒடைச்சிட்டு வேற செய். முடியலைன்னா சொல்லு, வெளியூர் ஆள வெச்சிக்கிறோம்."

உடையப்போவது குதிரை மட்டுமா? அந்தக் கைக்கு இனி ஊரில் வேலை உண்டா?

சின்னபொண்ணு அசையவில்லை. "காவலுக்குத்தானுங்களே நிக்குது? நேராவே பாத்துக்கினு இருந்தா, பக்கத்துல போறவன் யாருன்னு அதுக்கு எப்பிடிங்க தெரியும்?"

"அப்பிடி யாரத்தான் பாக்குது? கண்ண எழுதிக் காட்டு, பாப்போம்!"

கோபத்தில் கொட்டிய வார்த்தை! சொல்லிவிட்டாரே நாட்டாண்மை! சின்னபொண்ணு மைக்குச்சியை எடுத்தார். ஒரு கண் எழுதினார். மறு கண் எழுதினார். யாரைப் பார்த்தது குதிரை? நாட்டாண்மையையே பார்த்தது!

கூட்டத்திலிருந்து பொன்னி கூவினாள்: "நாட்டாரே, தோள்துண்ட ஜல்தி எடுங்க! சாமி குதிரை பாக்குது!"

துண்டு இடுப்புக்கு இறங்கியது. கைகள் குவிந்தன.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நாங்களும் சிரித்துக்கொண்டேதான் குதிரையைத் தூக்கினோம்.

தோழர்களே! மண் ஏரி தந்தது. முறை முன்னோர் தந்தது. அந்தத் திருப்பத்தைத் தந்தது யார்? சின்னபொண்ணு என்னும் ஒருத்தியின் மனம்! பாட்டன் வடித்த வடிவத்துக்குள்ளும் ஒருத்தியின் யோசனைக்கு இடம் உண்டு என்று அன்று எங்கள் ஊர் ஒப்புக்கொண்டது.

மறு ஆடிக்கு நாட்டாண்மையே வெற்றிலைத் தட்டோடு சூளைக்குப் போனார்.

"ஏம்மா, இந்த வாட்டி எந்தப் பக்கம் பாக்கப்போவுது?"

"பயப்படாதீங்க, ஒங்க பக்கம் இல்லீங்க!"

ஆகவே, பானை வனைவோரே, பாய் நெய்வோரே, வாசலில் கோலமிடும் தாய்மார்களே! உங்கள் மனத்துக்குத் தோன்றியதை ஒருமுறை செய்து பாருங்கள். ஊர் முறைக்கும், முறைக்கட்டும். பிறகு அதே ஊர் உங்கள் வாசலுக்கு வந்து, அடுத்தது என்ன என்று கேட்கும்!

இடம் தந்த தலைவருக்கும், செவி தந்த உங்களுக்கும் இந்தக் கிழவனின் நன்றி. வாழ்க உங்கள் கைகள்! வணக்கம்.