கை அகல நெருப்பு

வேர்க்கடலை வறுப்பதற்கு ஆற்று மணலைப் போல நல்லது எதுவும் இல்லை, சார். கருகாமல் பதமாகப் பொரியும். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் வறுக்கிறார்கள். அந்த மணல், மருதையாற்றிலிருந்து வண்டி வைத்து ஏற்றிவந்து, நானே சலித்து, சிவப்பு வாளிகளில் நிரப்பி வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தது. தீப்பிடித்தால் அள்ளிக் கொட்டுவதற்கு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் கடலை தின்றால் நல்லதுதான்.

கொளஞ்சியம்மாளைக் காலையிலிருந்து இங்கே ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கிறீர்கள். அவளுடைய புருஷன் செல்லதுரை வீட்டோடு எரிந்துபோன அன்று, வெளியே நாதாங்கியை மாட்டிவிட்டுப் போனது அவள்தான் என்று செல்லதுரையின் அண்ணன்மார்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சாம்பலில் கிடந்த கதவுச் சட்டத்தில் நாதாங்கி மாட்டியபடியே இருந்தது உண்மை. அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். முதலில் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். அவள் நேற்று இரவும் சாப்பிடவில்லை.

என் பெயர் ராசாங்கம். கல்லங்குறிச்சிக்குப் பக்கத்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை தவறாமல் பெருமாள் கோயிலுக்கு நடந்து போகிறவன். தொண்ணூற்றாறாம் வருஷக் கோடையில் எங்கள் கீழத்தெரு முழுவதும் எரிந்தது. அரியலூரிலிருந்து தீயணைப்பு வண்டி கிளம்பியது. ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறந்து வண்டி வந்து சேர்ந்தபோது அணைப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. அந்த வருஷம்தான் தொண்டர் தீயணைப்புக் குழுவை ஆரம்பித்தேன். வண்டி வரும்வரை நாமே சமாளிக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். வீட்டுக்கு வீடு மணல் வாளி, வாசலில் தண்ணீர் டிரம், கூரையைப் பிரித்து இழுக்க நுனியில் கொக்கி வைத்த மூங்கில் கழிகள். ஒரு வீடு பற்றிக்கொண்டால் பக்கத்து வீட்டுக் கூரையை உடனே பிரித்துப் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் தீ தாண்டாது.

ஆறு வருஷம் இதையே சொன்னேன். டிரம்மில் துணி ஊறியது. கொக்கிக் கழி முருங்கைக்காய் பறித்தது.

போன தை மாதம் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டேன். பேச ஆரம்பித்ததுமே கொளஞ்சி எழுந்தாள்.

"அண்ணே, அந்தக் கழிய ரெண்டு நாளைக்குக் குடுங்கண்ணே. உச்சியில காய் எட்டல."

"அது தீக்குன்னு வச்சது கொளஞ்சி."

"தீ வர்றப்ப குடுத்துடுறேன். அது என்ன எங்கிட்டச் சொல்லாமலா வரப்போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். செல்லதுரை சிமெண்ட் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போகிறவன். நல்ல குரல் அவனுக்கு. பின்னாலிருந்து சொன்னான்.

"ஊருல எல்லாரும் பெருமாளுகிட்ட மழை கேக்குறாங்க. நம்ம ராசாங்கண்ணே மட்டும் வருசா வருசம் தீ கேக்குறாரு. வரலன்னு கோவத்துல இருக்காரு பாவம், விடுங்கப்பா."

நானும் சிரித்தேன். எனக்கு அவன்மேல் வருத்தம் எதுவும் இல்லை. அந்த வாரமே அவன் மகள் வேணிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு சத்துமாவு அரைத்துக் கொடுத்தனுப்பினேன். காசு வாங்கவில்லை. இதுமாதிரிச் சின்னச் சின்ன உதவிகளால்தான் மனுஷர்கள் திருந்துவார்கள் என்று நம்புகிறவன் நான்.

ஆனால் சார், அந்த வீட்டில் அதற்கு முன்பும் கூரை பற்றியிருக்கிறது. நெல் அவிக்கிற அடுப்பைக் கூரைக்குக் கீழேயே போட்டிருந்தார்கள். தள்ளிப் போடு என்று போகும்போதும் வரும்போதும் சொல்வேன். பற்றும், ஒரு சொம்புத் தண்ணீரில் அணைந்துவிடும், சாயங்காலம் அதையே வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது தாங்காது. இரவில் படுத்தால் தூக்கம் வராது. அணைந்துபோகிற நெருப்பு யாருக்கும் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை என்று தோன்ற ஆரம்பித்தது.

பங்குனி மாதம், நடுப்பகல். கொளஞ்சி காலையில் மில்லில் வைத்துவிட்டுப் போன மாவு டின்னை, அவள் மறுபடி அலைய வேண்டாமே என்று நானே எடுத்துக்கொண்டு போனேன். அவள் அவித்த நெல்லைக் களத்தில் காயப்போட்டுவிட்டு, வேணியையும் கூட்டிக்கொண்டு காவலுக்குப் போயிருந்தாள். அடுப்பில் கங்கு கிடந்தது. நல்ல காற்று. கூரை நுனியில் நெருப்பு பிடித்திருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. கை அகலம் இருக்கும்.

டிரம் பக்கத்திலேயே இருந்தது. துணி ஊறவைத்த தண்ணீர்தான், ஆனால் தண்ணீர். சொம்பும் கிடந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே செல்லதுரை, ராத்திரி லோடு முடிந்து வந்த களைப்பில், முகத்தின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினான்.

மாவு டின்னை நிழலில் வைத்தேன். பிறகு கதவைச் சாத்தி நாதாங்கியை மாட்டினேன்.

கொளஞ்சி மாட்டவில்லை. நான்தான் மாட்டினேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் என்று கேட்கிறீர்கள். கதவு திறந்திருந்தால் அவன் விழித்து, வெளியே வந்து, துண்டாலேயே அடித்து அணைத்திருப்பான். சாயங்காலம் மறுபடி சிரிப்பு. சாத்தியிருந்தால் கொஞ்சம் பயப்படுவான், கத்துவான், தெரு கூடும், நான் போய்த் திறந்துவிடுவேன். ஒரு கூரை போகும். குழுவே கீற்று வாங்கிக் கட்டிக் கொடுத்திருக்கும். எல்லோருக்கும் புத்தி வரும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

பனையோலைக் கூரை பங்குனிக் காற்றில் எத்தனை வேகமாக எரியும் என்று அந்தத் தெருவில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஊர் ஊராகப் போய் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவனே நான்தான்.

எதிர் வேப்பமரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். தீ என்றால் மூன்று அடி அடிப்பது குழுவின் வழக்கம். அடித்தேன். எங்கள் ஆட்கள் உடனே ஓடிவந்தார்கள். முதலில் வந்தது வீரமுத்து. டிராக்டர் ஓட்டுகிறவன், எங்கள் குழுவிலேயே துணிச்சலானவன்.

"அண்ணே, உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

அப்போது கூரையில் பாதி பிடித்திருந்தது. கதவைத் திறந்தால், மாட்டியது யார் என்று கேட்பார்கள். அதன் பிறகு குழு என்ன ஆகும்? ஆறு வருஷ உழைப்பு, சார்.

"யாருமில்ல. செல்லதுரை லோடுக்குப் போயிட்டான். நீ மேலண்டை வூட்டுக் கூரையப் பிரி, சீக்கிரம்."

அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. நன்றாகப் பழக்கியிருந்தேன். நான்கே இழுப்பில் மேலண்டைக் கூரை தரைக்கு வந்தது. தீ அங்கேயே நின்றது. மற்ற வீடுகளில் ஒரு கீற்றுகூடக் கருகவில்லை. பிறகு வந்த அரியலூர் ஆட்களே என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள்.

இப்போது எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள். எல்லா டிரம்மும் நிறைந்திருக்கிறது. அடுப்புகளைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். நான் பேசினால் ஒருவரும் சிரிப்பதில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று கொளஞ்சி என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"ஆடு புகுந்துடும்னு எப்பவும் நாதாங்கிய மாட்டிட்டுத்தாண்ணே போவேன். அன்னைக்கும் கை பழக்கத்துல மாட்டிட்டேன் போலருக்கு. நெனவே இல்லண்ணே. நானே அவரைக் கொன்னுட்டேனா?"

மனசை விட்டுவிடாதே என்று சொன்னேன். அரிசி மாவு கொஞ்சம் கொடுத்தேன். அதற்கு மேல் அன்று சொல்ல முடியவில்லை. இப்போது அவளை நீங்கள் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வேணியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அது அநியாயம், சார். அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

இன்னும் ஒன்று கேட்டீர்கள். மூன்று அடி போதும் என்கிற வழக்கம் இருக்கும்போது, ஆட்கள் வந்த பிறகும் திரும்பப் போய், கூரை இடிந்து விழும்வரை தண்டவாளத்தை ஏன் நிறுத்தாமல் அடித்தேன் என்று. தெருவில் எல்லோரும் அதைப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் பதறுகிறவன் இல்லை.

செல்லதுரை விழித்துவிட்டான். கதவைத் தட்டினான். அந்தச் சத்தம் வீரமுத்துவின் காதில் விழுந்திருந்தால் அவன் யார் சொன்னாலும் நின்றிருக்க மாட்டான், நேரே நெருப்புக்குள் பாய்ந்திருப்பான். வைகாசியில் அவனுக்குக் கல்யாணம். அதனால்தான் அடித்தேன். தட்டுவது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அடித்தேன்.

அன்று ஒரு உயிரையாவது காப்பாற்றினேன், சார். அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.