ஆறாம் முறை சூடேறிய வளையம்

என் பெயர் ஜிபெக், தகப்பனார் பெயர் செரிக்காலி. வயது பதினேழு. பல்காஷ் நகரம், ஏரிக்கரைத் தெரு, பதினான்காம் கட்டடம், ஒன்பதாம் வீட்டில் அக்கா குரலாயுடன் வசிக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஒன்றரை ஆண்டாக வளையப் பட்டறையில் உலை வேலை செய்கிறேன். அக்கா எங்கள் குடியிருப்புக்குச் சூடு அனுப்பும் கொதிகலன் நிலையத்தில் குழாய் பொருத்துகிறாள். பத்தொன்பதாம் தேதி அங்கே நேர்ந்த விபத்து அவள் அலட்சியத்தால் நடந்தது என்று நிலையம் எழுதிய அறிக்கையை நேற்று எனக்குப் படித்துக் காட்டினார்கள். அது பொய். அதைச் சொல்ல விசாரணை அதிகாரியிடம் நானாக வந்தேன்.

எங்கள் வளையங்கள் ஒருவகைப் பாலிமரால் ஆனவை, நீராவிக் குழாய்களின் இணைப்பில் மாட்டுபவை. முதலில் செய்த அளவை அவை மறப்பதில்லை. சூட்டில் இழுத்து அகலமாக்கி ஆறவைத்தால் அப்படியே நிற்கும், குழாயில் மாட்டி மறுபடி சூடு காட்டினால் பழைய அளவுக்குச் சுருங்கி இணைப்பை இறுக்கிப் பிடிக்கும். கீறல் விட்டால் கழற்றி எங்களிடம் கொண்டுவருவார்கள். இருநூற்று நாற்பது டிகிரியில் இரண்டு மணி நேரம் உலையில் வைத்தால் கீறல் தானாகக் கூடிவிடும். ஐந்து முறைதான் இப்படிச் செய்யலாம், ஆறாவது முறை மேல்தோல் மட்டுமே மூடும், உள்ளே ரொட்டிபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும் என்று அல்மாட்டியிலிருந்து வந்த பொறியாளர் ஒன்றை அறுத்துக் காட்டியிருக்கிறார்.

எத்தனை முறை ஆயிற்று என்று தெரிய, தொடக்கத்தில் ஊசியால் வளையத்திலேயே கோடு கிழித்தோம். உலையிலிருந்து எடுத்தால் கீறலோடு சேர்ந்து கோடும் மறைந்திருக்கும். ஒரு மாதம் இது யாருக்கும் உறைக்கவில்லை. அதன் பிறகு நான் ஒவ்வொரு வளையத்திலும் மெல்லிய செம்புக் கம்பி சுற்றி, ஒரு முறை சூடேற்றினால் ஒரு முடிச்சு போட்டு வந்தேன். ஐந்து முடிச்சு ஆனவை மறுபடி கீறல் விட்டு வந்தால் அறுத்து எறிவோம்.

ஜனவரி பதினான்காம் தேதி காலை, அண்ணன் முறை வைத்து நாங்கள் 'அகா' என்று கூப்பிடும் மேற்பார்வையாளர் தோலெகென் வந்து, புதிய வளையம் வார்க்கச் சரக்கு வரவில்லை, நிலையத்துக்கு இன்றே இருபது வளையம் போக வேண்டும் என்றார். அறுப்பதற்கு ஒதுக்கியிருந்த ஏழு வளையங்களையும் உலையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். அதன் பிறகு இருபது வளையங்களின் கம்பிகளையும் வெட்டச் சொன்னார்.

"அகா, இது அஞ்சு முடிச்சு," என்றேன்.

"அடேயப்பா, பேசுது! அந்த வளையமே எத்தனை தடவை வெந்தோம்னு மறந்துடுச்சு. நீ எதுக்குப் புள்ள ஞாபகம் வச்சிக்கிட்டுத் திரியறே? வெட்டு."

அங்கிருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். குறடு எடுத்து வெட்டினேன். அதன் பிறகு இருபதும் ஒன்றுபோலப் பளபளத்தன. எது எதென்று எனக்கே தெரியவில்லை.

அன்று மதியம் வளையங்களை எடுத்துப்போக அக்காவே வந்தாள். பெட்டியை நீட்டினேன்.

"என்னடி ஊமைக்கோட்டான், மூஞ்சில யாரு மாவு பூசினது? சாப்பிட்டியா?"

தோலெகென் பக்கத்தில் நின்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

"பாருங்க அகா, இவ குரலைக் கேக்கணும்னா வரப்போற மாமியார் டிக்கெட்தான் வாங்கணும்," என்று சிரித்தாள். பையிலிருந்து எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டை இரண்டை என் கையில் திணித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அதன் பிறகு ஐந்து நாள் அவளும் நானும் ஒரே மேசையில் தேநீர் குடித்தோம். நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் நேரே போய்ச் சண்டை போடுவாள், என் வேலை போகும் என்று பயந்தேன்.

பத்தொன்பதாம் தேதி வெளியே குளிர் மைனஸ் முப்பத்தொன்று. காலை பதினொரு மணிக்கு, நிலையத்தில் அக்கா குழாய்ப் பக்கத்தில் நிற்கும்போது அந்த இருபதில் ஒரு வளையம் பிளந்தது. நீராவியில் அவளுடைய இரண்டு கைகளும் கழுத்தும் வெந்தன.

இருபத்திரண்டாம் தேதி தோலெகென் குதிரைக்கறிப் பொட்டலமும் ஒரு காகிதமும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். நான் அக்கா பக்கத்தில் இருந்தேன்.

"வளையத்துக்குச் சூடு கம்மியா காட்டிட்டேன்னு எழுதியிருக்கு, அவ்வளவுதான். பெருவிரலை வை தங்கச்சி, கேஸ் முடிஞ்சிடும். மனுசங்கன்னா தப்பு நடக்கறதுதானே."

"பெருவிரலா? எங்க இருக்குன்னு நீங்களே கட்டைப் பிரிச்சுத் தேடி எடுத்துக்கங்க அகா," என்றாள் அக்கா.

அவர் கழற்றி வைத்திருந்த ரோமத் தொப்பிக்குள் கறிப் பொட்டலத்தைத் திணித்து நான் அவர் கையில் கொடுத்தேன். வேறெதுவும் செய்யவில்லை. செய்ய நினைத்ததை இங்கே சொல்லவில்லை.

சூடு குறைவாகக் காட்டினால் வளையம் இறுகாது, நழுவிக் கழன்றுவிடும். இது நழுவவில்லை, பிளந்தது. உலை வேலை தெரிந்த எல்லோருக்கும் இந்த வித்தியாசம் தெரியும். தோலெகெனுக்கும் தெரியும். பிளந்ததை அறுத்துப் பாருங்கள். மற்ற பத்தொன்பதையும் குழாயிலிருந்து கழற்றி அறுங்கள். ஆறு வளையங்கள் உள்ளே ரொட்டிபோல இருக்கும்.

இதைச் சொல்லி முடித்ததும் விசாரணை அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

"கம்பிய வெட்டினது நீதான்னு உன் வாயாலேயே சொல்றியேம்மா. உன் மேலயும் வழக்கு வரும். புரிஞ்சுதான் சொல்றியா?"

புரிந்துதான் சொல்கிறேன். வெட்டச் சொன்னவர் தோலெகென், குறடு பிடித்த கை என்னுடையது. இந்த இரண்டு பெயரையும் எழுதுங்கள். குரலாயின் பெயரை அடியுங்கள்.

இதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்கள். யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ நான் பேசவில்லை. எல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்கிறது. குறைக்க வேண்டியது ஒன்றுமில்லை. கூட்ட வேண்டியது ஒன்று: பதினான்காம் தேதி மதியம் அக்கா கேட்டபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

(ஒப்பம்) செ. ஜிபெக்
ஜனவரி 27