கால் முளைக்காத தவளைகள்
ஆய்வகத்தில் தலைப்பிரட்டைகளுக்குத் தண்ணீர் மாற்றுவது எனக்குப் பிடித்த வேலை, ஐயா. கேப் டவுன் குளிரில் மற்றவர்கள் கையை நனைக்கத் தயங்குவார்கள். என் தோழி கன்யிஸ்வாவின் தொட்டிகளுக்கும் நான்தான் மாற்றுவேன்.

நாங்கள் இருவரும் உம்டாட்டாவிலிருந்து ஒன்றாக வந்தவர்கள். ஒரே அறை, ஒரே பானையில் சோளமும் பயறும். எதற்கும் என்னைத்தான் கேட்பாள். பிறகு அவளுக்கு ஆய்வு கைவந்தது, கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் தேநீர் நேரத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு, என்னைக் காட்டி, "ஸோலேகா வளர்க்கிற பிரட்டைக்குக் கல்யாண வயசே வந்துடும், காலு மட்டும் வராதுடி" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு வலித்தது.

அவள் தலைப்பிரட்டைகளுக்கு நல்ல கால் வந்தால்தான் உதவித்தொகை நீடிக்கும். இல்லையென்றால் ஊருக்குப் போக வேண்டியதுதான். அது எனக்குத் தெரியும்.

நான் விஷம் எதுவும் வைக்கவில்லை. பிரட்டையைத் தவளையாக்கும் தைராய்டு நீர் அவற்றின் உடம்பிலேயே ஊறுவது. அவளும் அதைத் தொட்டியில் அளந்து விடுவாள். நான் அதற்கு மேல் கொஞ்சம் விட்டேன். அவ்வளவுதான். உடம்பு அவசரப்பட்டுவிட்டது. செவுள் போயிற்று, வால் சுருங்கிற்று, கால் மட்டும் மொட்டாகவே நின்றுவிட்டது. நீந்த வாலில்லை, உதைக்கக் காலில்லை. மூச்சுக்கு மேலே வர முடியாமல் அடியில் கிடந்து வாயைத் திறந்து மூடின. சாக நேரமெடுத்தது. நான் கூடவே நின்று பார்த்தேன்.

அன்று அவள் என் மடியில் படுத்து அழுதாள். "அளவு தப்பாப் போட்டுட்டேனாடி?" என்று கேட்டாள்.

"உன் கைதானே போட்டுச்சு," என்றேன். தலையையும் கோதிவிட்டேன்.

முதல் தடவை கோபத்தில் செய்தேன் என்று உங்கள் விசாரணையில் எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். தன் கையை நம்பாமல், தண்ணீரோடு மருந்தையும் என்னையே அளந்து விடச் சொன்னாள். அப்போது எனக்குக் கோபமே இல்லை. இருந்தும் கூடுதலாகத்தான் விட்டேன். அவையும் செத்தன. பேராசிரியர் கேட்டபோது, அவளுக்கு இந்த வேலை ஒத்துவராது என்று வருத்தத்தோடு சொன்னேன். அவளை ஊருக்குப் பேருந்து ஏற்றிவிட்டதும் நான்தான்.

இப்போது அவள் ஊரில் வேறு யாரிடமும் பேசுவதில்லையாம். வீட்டில் அடுப்பில் உலை வைக்கக்கூட, உப்பு சரியா என்று எனக்குப் போன் செய்து கேட்கிறாள். நான் பொறுமையாகச் சொல்கிறேன். அவளுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள், என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்வாள்.