ஏழாவது புடம்

டீ நன்றாக இருந்தது ஐயா. மலையில் யாரும் இவ்வளவு அளவாகச் சர்க்கரை போட மாட்டார்கள். அளவு தெரிந்த ஆளைக் கண்டால் எனக்குப் பிடித்துப்போகும்.

சந்தவாசலிலிருந்து மலைமேல் குடியேறிப் பதினாறு வருஷமாகத் தாமிர பற்பம் என்கிற செம்பு மருந்து செய்கிறேன். செம்பை மூலிகைச் சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டி, அகலுக்குள் மூடி, வறட்டி நெருப்பில் புடம் போட வேண்டும். மொத்தம் ஏழு புடம். ஒவ்வொன்றிலும் உலோகம் இன்னும் நுணுகும். கடைசியில் தண்ணீரில் தூவினால் மிதக்கும், விரலில் தேய்த்தால் ரேகைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். வேலூரிலிருந்து வந்த கல்லூரி வாத்தியார் ஒருவர், என் பொடியின் துகள் தன் மைக்ராஸ்கோப்புக்கே அகப்படவில்லை என்றார். அன்று முழுக்க என் கால் தரையில் பாவவில்லை.

போன ஐப்பசியில் விடாத மழை. வறட்டியெல்லாம் நனைந்துவிட்டது. ஊர்க்காரன் சடையனோ தன் பெண்சாதி குப்பம்மாவுக்கு வயிற்றுவலி, மருந்து வேண்டும் என்று மூன்று முறை வந்து போய்விட்டான். ஐந்தாம் புடத்தோடு நிறுத்தினேன். பொடி தண்ணீரில் மிதக்கத்தான் செய்தது. ஆனால் கடைசிச் சோதனை ஒன்று உண்டு. தயிரில் கலந்து வைத்தால் நிறம் மாறக் கூடாது. மாறினால் செம்பு இன்னும் சாகவில்லை, அது விஷம். காலையில் பார்த்தால் தயிர் பச்சையாக இருந்தது. தயிர் புளித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மருந்தைக் கொடுத்தனுப்பினேன்.

நாலாம் நாள் குப்பம்மா இறந்துபோனாள்.

சடையன் பத்துப் பேரோடு வந்து வாசலை அடைத்து நின்றான். கோபமே படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. "உங்க மேல சந்தேகம் இல்லீங்க வைத்தியரே. வழக்கப்படி அதே மருந்த எங்க கண்ணு முன்னால சாப்ட்டுக் காட்டுங்க. நாங்க போய்ட்றோம்" என்றான்.

எங்கள் வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. எனக்குப் பயமாக இருந்தது. மாட்டேன் என்றால் மருந்து விஷம் என்று நானே சொன்னதாகிவிடும். சாப்பிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். மலை வழக்கம் என்னவோ மருந்தைச் செய்தவனைத்தான் உண்ணச் சொல்கிறது. பெண்சாதி அவனில் பாதிதானே என்று எடுத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரி செந்தாமரையைக் கூப்பிட்டேன். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "எனக்கு இன்னாத்துக்குங்க? நான் நல்லாத்தான கீறேன்" என்றாள். வாயைத் திற என்றேன். சடையனுக்கு மனசு நிறைய வேண்டுமே என்று, சிட்டிகைக்குப் பதிலாக ஒரு கரண்டி முழுக்கத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். எல்லாரும் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று கேட்டீர்கள். கொண்டுபோனால் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பார்கள் ஐயா. மறுநாள் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டேன்.

ஆமாம், தெரிந்துதான் கொடுத்தேன், மறுக்கவில்லை. ஆனால் அவளாகவே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். புருஷன் மருந்தை நம்பாதவள் என்று நாளைக்கு யாரும் அவளைக் குறைவாகப் பேசிவிடக் கூடாது.