ஒரு குரலுக்கு எவ்வளவு இடம்

வீடு மாற்றும்போது எத்தனை அட்டைப்பெட்டி தேவைப்படும் என்று நண்பர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். அறைகளை ஒரு சுற்று சுற்றிவிட்டு முப்பத்தாறு என்பேன், முப்பத்தாறில் முடியும். ஒரு பெட்டி மிஞ்சினாலும் எனக்கு மனசு ஆறாது. அலுவலகத்தில் எனக்கு இஞ்ச்டேப் என்று பெயர். நல்ல பெயர்தான்.

எங்கள் தொழில் உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். அறுவை சிகிச்சையில் தொண்டையை எடுக்கப்போகிறவர்கள், அதற்கு முன் எங்களிடம் வந்து நாலு நாள் உட்கார்ந்து பேசுவார்கள். பதிவு செய்துகொள்வோம். பிறகு ஒரு சின்னக் கருவி கொடுப்போம். அதில் எதைத் தட்டினாலும் அவர்களுடைய சொந்தக் குரலில் பேசும். குரல் கருவிக்குள் இருக்காது, எங்கள் அலுவலகக் கணினியில் இருக்கும். அந்தக் கணினி படுத்துவிட்டால் என்ன செய்வது என்று, இன்னொரு சேமிப்புப் பெட்டியில் தினமும் நகல் எடுத்துவைக்க முதலாளியம்மா முடிவு செய்தார். பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்வது என் வேலை.

ஆளுக்கு ஐந்து ஜிபி. அப்போது இருந்தவர்கள் ஆயிரத்து இருநூறு பேர், ஆக ஆறு டெராபைட். மாதம் நூறு பேர் வீதம் இரண்டு வருடத்துக்குப் பன்னிரண்டு. முந்தைய நாள்களின் நகல்களுக்கு இரண்டு. மொத்தம் இருபது. பெட்டி விற்பவர் கொடுத்த தாளில், எதைப் போட்டாலும் சுருக்கிப் பாதி இடத்தில் வைத்துக்கொள்ளும் என்று இருந்தது. பத்து போதும் என்று எழுதிக் கொடுத்தேன்.

“எல்லாரும் முப்பது வேணும், நாப்பது வேணும்னு பயமுறுத்துறாங்க. நம்ம இஞ்ச்டேப்பைப் பாருங்க, அளவெடுத்துத் தைச்ச மாதிரி சொல்லிட்டார்” என்றார் முதலாளியம்மா, எல்லோருக்கும் முன்னால். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஏழாவது மாதம் பெட்டி தொண்ணூற்றெட்டு சதவீதம் நிரம்பியிருந்தது. எங்கள் பதிவுகள் பதிவாகும்போதே சுருங்கித்தான் வருகின்றன. நான் அதை யோசிக்கவில்லை. பிழிந்து உலர்த்திய துணியை மறுபடி பிழிந்தால் என்ன வரும். இன்னொரு பெட்டி கேட்டிருக்கலாம், முதலாளியம்மா மறுபேச்சு பேசமாட்டார். ஆனால் அவர் அறைக்குள் போய், பாதிக்குப் பாதி தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று வாயைத் திறக்க வேண்டும். அது எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்கே தெரியும்.

நிதானமாக யோசித்தேன். அறுவை சிகிச்சை முடிந்தவர்களின் பதிவில் இனி எதுவும் மாறப்போவதில்லை. மாறாத ஒன்றுக்கு எதற்கு நகல்? மாதம் நூறு புதியவர்கள் உள்ளே வந்தார்கள். இருப்பதிலேயே பழைய நூறு பேரின் நகலை அழித்தேன். பெட்டி கச்சிதமாக நின்றது. பார்க்கவே ஆசையாக இருக்கும்.

மூன்று மாதம் அப்படிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை கணினி படுத்தேவிட்டது. பதிவு அறை அக்கா வாசலில் நின்று அழுதார்.

“எல்லாம் போச்சுப்பா.”

“நகல்தான் இருக்கேக்கா. டீ ஆறுது பாருங்க, முதல்ல அதைக் குடிங்க.”

சாயங்காலத்துக்குள் மீட்டுவிட்டேன். கைதட்டினார்கள். முந்நூறு பேர் அதில் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். மறுபடி வந்து பேசுங்கள் என்று அவர்களைக் கூப்பிடவும் முடியாது; பேசத் தொண்டை இல்லை.

இரண்டு நாள் சீரமைப்பு என்று அவர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டு விடுப்பு எடுத்தேன். வீட்டில் ஜன்னலை மெத்தையால் அடைத்துவிட்டு நானே பேசிப் பதிவு செய்தேன். நாலு நாள் பேச வேண்டியது இரண்டே நாளில் முடிந்தது. எனக்கு நல்ல தொண்டை. வயதானவர்களுக்குக் கொஞ்சம் தாழ்த்தினேன். பெண்களுக்குத் தூக்கினேன், என் அக்கா சாயல் வந்தது. வெள்ளிக்கிழமை முந்நூறு பேரும் பேசினார்கள்.

ஒரு பேருந்து ஓட்டுநரும் அவர் மனைவியும் மட்டும் நேரில் வந்தார்கள்.

“இது இவர் குரல் இல்ல தம்பி” என்றார் அந்த அம்மா.

“பதிவு மாறாதும்மா. ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சில்ல, நமக்குத்தான் ஞாபகம் மாறிடும்.”

“முப்பது வருஷமா கேட்ட குரல். எனக்குத் தெரியாதா?”

ஓட்டுநர் கருவியில் தட்டினார். “விடு கண்ணு, சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றது கருவி. தன் குரல் வெளியிலிருந்து எப்படிக் கேட்கும் என்று யாருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அந்த அம்மா அவர் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சமீபமாகத் தனக்கு மறதி கூடிவிட்டது என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டார். நல்ல டாக்டர் ஒருவரின் முகவரி கொடுத்தேன். மறதிக்கு இப்போது காலையும் இரவும் மாத்திரை சாப்பிடுகிறார்.

நான் மாட்டிக்கொண்ட விதம் உங்களுக்குத் தெரியும். மருத்துவமனை வரிசையில் ஒருவர் “எத்தனாம் நம்பர் போகுது?” என்று கேட்டிருக்கிறார். பக்கத்து நாற்காலிக்காரர் அதே குரலில் “பதினேழு” என்றிருக்கிறார். மூன்றாமவர் அதே குரலில் “இல்ல, பதினெட்டு” என்று திருத்தியிருக்கிறார். கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது.

ஆக, நகலை அழித்தது நான். என் குரலை மாட்டியதும் நான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வாக்குமூலத்தில் ஏமாற்று என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன். காரணம் இருக்கிறது.

போன மாதம் ஒரு நாள் எனக்குக் கடும் சளி, தொண்டை கட்டிக் குரல் தாழ்ந்திருந்தது. ஓட்டுநர் சார்ஜர் வாங்க எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அலுவலகத் தொலைபேசி அடித்தது. எடுத்து, “சொல்லுங்க” என்றேன்.

“ஏங்க, இன்னும் அங்கயா இருக்கீங்க? மழை வருது, குடையும் எடுத்துட்டுப் போகல. எப்பங்க வருவீங்க?”

நான் இதுவரை தங்கிய எந்த அறையிலும் எனக்காக யாரும் ஒரு குடையைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

“இதோ கிளம்பிட்டேன் கண்ணு” என்றேன்.

பாருங்கள், அது அவர் கணவரின் குரல்தான். ஒரே சொல்லில் அந்த அம்மாவே அடையாளம் கண்டுகொண்டார்.