இறந்துபோன மார்த்தாவும் சோப் ஓபராவும்

விழாத் தலைவர் ஆகஸ்ட் க்ளைன்ஷ்மிட் அவர்களே, சோப்புக் காய்ச்சிச் சிவந்த கைகளுக்குச் சொந்தக்காரர்களே, திங்கட்கிழமைச் சலவையையும் தள்ளிவைத்து வந்திருக்கும் சின்சினாட்டித் தாய்மார்களே, வணக்கம்!

'சோப் ஓபரா' என்ற சொல் எங்கே பிறந்தது? அரண்மனையிலா? பல்கலைக்கழகத்திலா? இல்லை! அந்தக் காலத்தில் பகலில் வானொலியில் தொடர்கதை நடக்கும். அதற்குப் பணம் போட்டவர்கள் சோப்புக் கம்பெனிக்காரர்கள். பார்த்தார்கள் பத்திரிகைக்காரர்கள். பட்டுடுத்திப் பாடும் ஓபராவையும் பாத்திரம் தேய்க்கும் சோப்பையும் முடிச்சுப் போட்டுக் கேலி செய்தார்கள்!

என்ன ஐயா, பின்வரிசையில் சிரிப்பு? நீங்களும் பத்திரிகையா? உட்காருங்கள், உட்காருங்கள்!

அந்தக் கேலி எங்கள் சோப்புக் கம்பெனி முதலாளி ஆஸ்குட்டைச் சுட்டது. எங்கள் தொடரில் விதவை மார்த்தாவாகப் பேசியவள், இந்த வில்மா டெட்வைலர்தான். "கிளப்புல தலைகாட்ட முடியலம்மா. வெள்ளிக்கிழமையோட மார்த்தாவச் சாகடிச்சிடுங்க. இனிமே நெஜ ஓபராதான்" என்றார். வேறு பிழைப்பு அறியாத நான் என்ன செய்வேன்? வெள்ளியன்று இருமினேன், இறந்தேன். பின்னணி இசைக்கும் ஆர்கன் அழுதது. எனக்கும் அழுகை வந்தது.

திங்களன்று வேலை கேட்டுக் கெஞ்சக் கம்பெனிக்குப் போனேன். வாசலெல்லாம் பெண்கள்! கையிலெல்லாம் மூடிய பாத்திரம்! சாவு வீட்டுக்குச் சமைத்து எடுத்துப்போவது நம் வழக்கமல்லவா? மார்த்தாவின் வீடு தெரியாமல், சோப்பு உறையிலிருந்த விலாசத்துக்கே வந்துவிட்டார்கள்!

முதலாளி ஓடி வந்தார். "அம்மா, அது வெறும் கதைம்மா! மார்த்தாவாப் பேசினவ இதோ நிக்கிறா பாருங்க!"

முன்னால் நின்ற ஹில்டா ரெட்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடிப்பாவி, குத்துக்கல்லாட்டம் இருக்கியே! எதுக்குடி எங்கள அழ வெச்ச?"

"ஊரே சோப் ஓபரான்னு சிரிக்குதும்மா" என்று முதலாளி முனகினார்.

"சிரிக்கிறவன் சட்டையத் தொவைக்கிறது யாரு? நாங்க! தொவைக்கிறப்ப எங்களுக்குத் தொணை யாரு? இவ! இதுல உமக்கென்ன வெக்கம்? மொதல்ல இந்த உருளைக்கிழங்கச் சாப்பிடும். ஆறிப்போகுது."

சாப்பிட்டார். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்! மறுநாள் வானொலியில் மார்த்தா கண் விழித்தாள். மருத்துவர் அவசரப்பட்டுவிட்டாராம்!

அன்பர்களே, அந்தச் சொல் இன்று தொலைக்காட்சிக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. நாங்களே நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறோம். கேலி செய்தவர்கள் தந்தது பெயர்! கேட்டுக்கொண்டே துவைத்த நீங்கள் தந்ததோ மானம்! அழுக்குத் துணிக்கு முன்னால் நிற்பவளுக்கும் ஒரு கதை வேண்டும் என்று வாசலில் வந்து நின்றீர்களே, அந்தக் கைகளுக்கு இந்த வில்மாவின் நன்றி! வணக்கம்!